முளையும் மூளையும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வெயிலைப் பொருட்படுத்தாமல் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, கிராமச் சுகாதாரச் செவிலியர்களே, பந்தலுக்கு ஓலை தந்து உதவிய திசையன்விளைப் பனையேறி அண்ணாச்சிமார்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். கருவின் மூளையைக் குறித்து இன்று மூன்று செய்திகளைச் சொல்ல விழைகிறேன்.

முதலாவது, தாய் அருந்தும் மது நஞ்சுக்கொடி வழியே கருவின் இரத்தத்தில் கலக்கிறது. அதை முறிக்கும் வலிமை கருவின் ஈரலுக்கு இன்னும் வராததால், நரம்பணுக்கள் மடிகின்றன. மூளையின் இரு பாதிகளை இணைக்கும் நரம்புப் பாலமும் சிறுமூளையும் குறைபடுகின்றன. 1968இல் பிரான்சில் லெமுவான் என்ற மருத்துவர் இத்தகைய 127 குழந்தைகளைப் பற்றி எழுதினார். 1973இல் அமெரிக்க மருத்துவர்கள் இந்நோய்க்குக் கருநிலை மது நோய்த்தொகுப்பு (Fetal Alcohol Syndrome) என்று பெயரிட்டனர். முகத்தில் நோயின் அடையாளமே இல்லாமல், கணக்கு ஏறவில்லை என்று வகுப்பில் அடி வாங்கும் பிள்ளைகளும் இவர்களுள் உண்டு.

இரண்டாவது, கள்ளும் மதுவே. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் புளிக்காத பதநீர், தடவாவிட்டால் புளித்த கள். என் அக்காள் உண்டாகியிருந்தபோது, கள் உடம்புக்குக் குளிர்ச்சி என்று நம்பிய எங்கள் ஆச்சி, சுண்ணாம்பு தடவாத கலயம் ஒன்று வேண்டும் என்று பனையேறி அண்ணாச்சியிடம் கேட்டுவிட்டாள். அவர் மறுக்கவில்லை. மறுநாள் காலையில் கலயம் வந்தது. ஆச்சி முதலில் தான் ஒரு மிடறு குடித்துப் பார்த்து, "ஏலே, இது இனிக்குல்லா!" என்று கத்தினாள். "ரெட்டைச் சுண்ணாம்பு போட்ட பதநீர் ஆச்சி, வயித்துப் பிள்ளைக்குப் புளிச்சதைக் கொடுக்க மாட்டேன்" என்று அவர் பாளை அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு போனார். ஒரு மாதம் ஆச்சி அவரோடு பேசவில்லை. அக்காளோ கலயத்தைக் காலி செய்துவிட்டாள். முளையில் வெந்நீர் ஊற்றிவிட்டு விளையும் பயிரை எங்கே தேடுவது என்பதை, மருத்துவ நூல் படிக்காத அந்த மனிதர் அறிந்திருந்தார்.

மூன்றாவது செய்தி தந்தையரைப் பற்றியது. தலைவர் மணியைப் பார்ப்பதால் விட்டுவிடுகிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இறங்க மாட்டேன். நம் மதுப் புட்டியில் நாட்டுக்குக் கேடு, வீட்டுக்குக் கேடு என்று எழுதுகிறோம். குடித்துவிட்டு வண்டி ஓட்டாதே என்கிறோம். கர்ப்பிணி என்ற சொல்லைக் காணோம். அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டுச் சட்டமே அதைக் கட்டாயமாக்கியிருக்க, நமக்கு ஒரு வரி அச்சிட மை இல்லையா? அவ்வரியைத் தமிழில் கேட்கும் மனு மேடைக்கு இடப்புறம் இருக்கிறது. கைநாட்டு வைப்போருக்கு மைப்பெட்டியும் வைத்திருக்கிறோம்.