தேர்ந்தெடுப்பது யார்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசு வவுச்சர், அதாவது பெற்றோர் பள்ளியில் கொடுத்தால் அரசு பணம் கட்டும் சீட்டு, கொடுக்கலாமா என்பது தலைப்பு. கூடாது என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், "வசதி உள்ளவர் தன் பிள்ளைக்குப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கிறார். இல்லாதவருக்கு அந்த உரிமை வேண்டாமா? பிள்ளைக்குச் செலவழிக்கும் பணத்தைப் பெற்றவர் கையில் கொடுங்கள்" என்று கேட்டார். அவை கைதட்டியது. நானும் தட்டினேன், கேள்வி அவ்வளவு நியாயமானது. அதற்கு வவுச்சர் விடை இல்லை என்பதுதான் எங்கள் வழக்கு.

அந்த வவுச்சர் சீட்டோடு ஒரு தாய் தனியார் பள்ளி வாசலில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். "பிள்ளை என்ன மார்க்?" என்கிறார்கள். "நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள்?" என்கிறார்கள். அப்புறம் பிள்ளையை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பத்து நிமிடம் பேசிப் பார்க்கிறார்கள். பிள்ளைக்குக் கொஞ்சம் திக்குவாய். "இடம் நிரம்பிவிட்டது அம்மா, அடுத்த வருடம் வாருங்கள்" என்று பதில் வருகிறது. பின்னால் நின்ற பிள்ளைக்கு மட்டும் அதே வகுப்பில் இடம் இருக்கிறது. இங்கே தேர்ந்தெடுத்தது தாயா, பள்ளியா?

இதை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 1955இல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மன் கட்டுரையாக எழுதிய இந்த வவுச்சர் யோசனையை, 1981இல் சிலி நாட்டு ராணுவ ஆட்சி நாடு முழுவதும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அன்று அங்கே பத்துப் பிள்ளைகளில் கிட்டத்தட்ட எட்டுப் பேர் பொதுப்பள்ளியில் படித்தார்கள். முப்பது ஆண்டு கழித்துப் பார்த்தால் நான்கு பேர்கூட இல்லை. சரி, படிப்பாவது உயர்ந்ததா? சாங்-தாய் ஷியே, மிகேல் உர்கியோலா என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2006இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நாட்டின் சராசரித் தேர்ச்சி ஏறியதற்கு அவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை. வசதியான பிள்ளைகள் தனியார் பக்கம் நகர்ந்ததற்குத்தான் கிடைத்தது.

அதே 2006இல் சிலியின் பள்ளிப் பிள்ளைகளே தெருவுக்கு வந்தார்கள். அடர் நிறமும் வெள்ளையுமான சீருடை என்பதால் அதைப் பென்குயின் போராட்டம் என்றார்கள். பிள்ளைகள் போராடித்தான் பெரியவர்களுக்குப் புரிய வேண்டியிருந்தது என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது. கடைசியில் 2015இல் சட்டம் வந்தது: அரசுப் பணம் வாங்கும் பள்ளி பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கக் கூடாது, லாபம் பார்க்கக் கூடாது, பெற்றோரிடம் மேற்கொண்டு வாங்கும் கட்டணத்தைப் படிப்படியாக நிறுத்த வேண்டும். இவ்வளவு கடிவாளம் போட 34 ஆண்டுகள் ஆயின. அதற்குள் எத்தனை பிள்ளைகள் பள்ளியை விட்டே வெளியேறும் வயதுக்கு வந்திருப்பார்கள்!

எதிரணியில் ஒரு சகோதரி கொலம்பியாவைச் சொன்னார். அங்கே 1990களில் குலுக்கலில் வவுச்சர் கிடைத்த ஏழைப் பிள்ளைகள் கிடைக்காதவர்களைவிட நன்றாகப் படித்தது உண்மை. நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் திட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: வகுப்பில் தேறாவிட்டால் வவுச்சர் புதுப்பிக்கப்படாது. தடுமாறும் பிள்ளைக்குத்தானே கை கொடுக்க வேண்டும்? அமெரிக்காவின் லூசியானாவையும் சகோதரி பார்த்திருக்கலாம். அங்கேயும் குலுக்கல்தான். வவுச்சரோடு தனியார் பள்ளிக்குப் போன பிள்ளைகளின் கணித மதிப்பெண் முதல் ஆண்டே பெரிதாகச் சரிந்தது.

"போட்டி வந்தால் அரசுப் பள்ளி தானாகத் திருந்தும்" என்கிறார்கள். ஒரு வகுப்பறைக்குள் வாருங்கள். முப்பது பிள்ளைகள். ஐந்து பேர் வவுச்சரோடு போகிறார்கள், அவர்களுக்கான பணமும் போகிறது. ஆசிரியருக்குச் சம்பளம் குறையுமா? மின்விசிறி ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றுமா? கூரை ஒழுகினால் முழுக் கூரையையும்தான் மாற்ற வேண்டும். செலவு அப்படியே நிற்க, வரவு மட்டும் குறைகிறது. முதலில் போவது நூலக நேரம், அப்புறம் பாட்டு வாத்தியார். போன ஐந்து பேரும் யார்? விண்ணப்பம் நிரப்பவும், அலையவும், ஆசிரியரிடம் கேள்வி கேட்கவும் தெம்புள்ள பெற்றோரின் பிள்ளைகள். பள்ளியைத் தட்டிக் கேட்ட குரல்கள் அவை. மிஞ்சிய இருபத்தைந்து பேருக்காகக் கேட்க ஆள் குறைந்துபோகிறது. இதில் போட்டி எங்கே இருக்கிறது?

குறிப்பிட்ட சில பிள்ளைகளுக்காகத்தான் என்று தொடங்குவதும் அப்படியே நிற்பதில்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் இப்படிப்பட்ட தன் திட்டத்தை 2022இல் எல்லோருக்கும் என்று திறந்தது. தொடக்கத்தில் விண்ணப்பித்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஏற்கெனவே பொதுப்பள்ளியில் இல்லாதவர்கள்; அதை விட்டு வெளியேற அவர்களுக்கு இந்தப் பணம் தேவைப்படவில்லை.

ஸ்வீடன் 1992இல் வவுச்சர் முறையைத் தொடங்கியது. அங்கே வவுச்சருக்குமேல் கட்டணம் வாங்கக் கூடாது, நல்ல விதிதான். ஆனால் பேர்போன பள்ளிகளில் யார் முதலில் பதிவு செய்தாரோ அவருக்கே இடம் என்ற முறை இருந்ததால், பிள்ளை பிறந்த கையோடு வரிசையில் பெயர் எழுதினார்கள். நாட்டுக்குப் புதிதாக வந்த குடும்பம் அந்த வரிசையின் கடைசியில்தான் நிற்க முடியும். லாபத்துக்குப் பள்ளி நடத்தவும் அங்கே அனுமதி உண்டு. 2013இல் ஜேபி எஜுகேஷன் என்ற நிறுவனம் திவாலானது. அதன் பள்ளிகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் படித்தார்கள். சில பள்ளிகளை வேறு நிறுவனங்கள் வாங்கிக்கொண்டன. வாங்க ஆளில்லாதவை மூடப்பட்டன.

நடுவர் அவர்களே, அப்படி மூடிய பள்ளியின் பிள்ளைக்கு வேறு இடம் தேடிக் கொடுக்கும் கடமை அந்த ஊர் நகராட்சிக்குத்தான். "இடம் நிரம்பிவிட்டது, அடுத்த வருடம் வாருங்கள்" என்று சொல்ல அதற்கு உரிமை இல்லை. அந்தக் கடமையைச் சுமக்கும் அரசுப் பள்ளியிலிருந்துதான் எதிரணி பணத்தை எடுக்கச் சொல்கிறது. தீர்ப்பு உங்கள் கையில். வணக்கம்.