கொத்தனார் கட்டின இலவச லைப்ரரி

வணக்கம் மக்களே. காசு குடுக்காம லைப்ரரிக்குள்ள போய் உக்காந்து படிக்கிறது நமக்கு சாதாரணம், ஆனா இங்கிலாந்துல விக்டோரியா ராணி காலத்துல இதை நடத்திக் காட்டுறதுக்கு ஒரு மனுஷன் வாழ்க்கையையே குடுத்திருக்காரு. பேரு எட்வர்ட் எட்வர்ட்ஸ். 1812ல லண்டன்ல பொறந்து, அப்பாவோட கொத்தனார் வேலையைக் கத்துக்கிட்டவரு, காலேஜ் பக்கமே போகல, எல்லாம் தானா படிச்சதுதான். அப்படியே 1839ல பிரிட்டிஷ் மியூசியத்துல புக்ஸுக்கு கேட்டலாக் போடுற வேலைக்கு சேர்ந்துட்டாரு.

1849ல வில்லியம் யூவர்ட்ங்கிற எம்.பி. தலைமையில பார்லிமென்ட் கமிட்டி ஒண்ணு உக்காருது. அங்க போய் எட்வர்ட்ஸ், ஐரோப்பால மத்த ஊர்ல எல்லாம் எத்தனை லைப்ரரி இருக்கு, நம்ம ஊர்ல ஏன் இல்லன்னு கணக்கோட கேக்குறாரு. அந்தக் கணக்குல தப்பு இருக்குன்னு அப்பவே சிலர் சொன்னாங்க, இருந்தாலும் கேட்ட கேள்வி நியாயம்தானே.

1850ல, ஊர்ப் பணத்துல இலவச லைப்ரரி வைக்கலாம்னு சட்டம் வந்துச்சு. எப்படிப்பட்ட சட்டம் தெரியுமா? ஊர்ல 10,000 பேருக்கு மேல இருக்கணும், வரி கட்டுறவங்க ஓட்டு போட்டு மூணுல ரெண்டு பங்கு சரின்னு சொல்லணும், அதுக்கப்புறமும் வரி, சொத்து மதிப்புல ஒரு பவுண்டுக்கு அரை பென்னிதான், அப்போ ஒரு பவுண்டுன்னா 240 பென்னி, பாத்துக்கோங்க. அந்தக் காசுல கட்டடம் கட்டலாம், விளக்கு போடலாம், சம்பளம் குடுக்கலாம், ஆனா புக் மட்டும் வாங்கக் கூடாது! புக் எல்லாம் யாராவது தானமா குடுக்கணுமாம். 1855ல தான் ஒரு பென்னியா ஏத்தி, புக்கும் வாங்கலாம்னு மாத்தினாங்க.

மான்செஸ்டர் மக்கள் அதுக்கெல்லாம் காத்திருக்கல. தொழிலாளிங்க உட்பட ஊரே சேந்து நன்கொடை போட்டாங்க, எட்வர்ட்ஸ்தான் முதல் லைப்ரரியன். 1852 செப்டம்பர் 2, திறப்பு விழாவுக்கு சார்லஸ் டிக்கன்ஸே வந்து பேசினாரு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போற செக்‌ஷன், அங்கயே உக்காந்து படிக்கிற செக்‌ஷன், ரெண்டும் ஒரே கட்டடத்துல.

இவ்வளவு செஞ்ச மனுஷனை 1858ல மான்செஸ்டர் லைப்ரரி கமிட்டி வேலையை விட்டு அனுப்பிருச்சு. அவருக்கும் கொஞ்சம் வளைஞ்சு குடுக்கத் தெரியாது, அது உண்மை, ஆனா எனக்கு இது மனசே ஆறல. அடுத்த வருஷமே லைப்ரரிகளோட வரலாறை ரெண்டு பெரிய வால்யூமா எழுதி வெளியிட்டாரு. 1883ல வருஷத்துக்கு 80 பவுண்டு பென்ஷன் கிடைச்சும் கஷ்ட ஜீவனம்தான், 1886ல வைட் தீவுல நைட்டன்கிற ஊர்ல இறந்துட்டாரு. அவரோட சமாதிக்கு 1902ல நினைவுக்கல் வச்சு, வாழ்க்கை வரலாறும் எழுதினது சர்க்காரும் இல்ல, அந்தக் கமிட்டியும் இல்ல, லைப்ரரி மேல பைத்தியமா இருந்த தாமஸ் கிரீன்வுட்ங்கிற ஒரு பதிப்பாளர்.