முதலில் ஒப்பந்தத்தைப் படியுங்கள்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், சுங்கை சிப்புட் நகரிலிருந்தும் சுற்றுத் தோட்டங்களிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களுக்கும் வணக்கம். மலேசியர்களாகிய நாம் அயல்நாட்டில் ஓய்வுக்காலக் குடியிருப்பைத் தேர்ந்தெடுக்கும்போது முதலிடம் சூழலுக்கா, பாதுகாப்புக்கா என்ற கேள்விக்கு, பாதுகாப்புக்கே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய நண்பர் கோயம்புத்தூரின் முதியோர் குடியிருப்புகளை மனம் குளிர வருணித்தார். சிறுவாணித் தண்ணீர், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, மருதமலை முருகன், வேளாவேளைக்குச் சைவச் சாப்பாடு, பேச்சுத் துணைக்குத் தமிழர்கள். இவற்றில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. அறுபது வயதில் சொந்தக் காலில் நடந்து போகிறவருக்கு இவை போதும். எண்பது வயதில், படுக்கையை விட்டு எழ முடியாத நாளில், அந்த வீட்டில் தொடர்ந்து இருக்க அவருக்கு என்ன உரிமை உண்டு என்பதுதான் என் கேள்வி.

எங்கள் தாமான் வீடமைப்புப் பகுதியில் குடியிருக்கும், முன்பு தோட்டக் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்த ஒருவர், இப்படிப்பட்ட ஒரு குடியிருப்பின் ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லுமாறு என்னிடம் கொடுத்தார். அவர் ஆயுள் முழுவதும் தங்குவதற்கு முன்பணம் கட்டும் திட்டம் அது. முதல் பக்கங்களில் யோகா கூடமும் நூலகமும் வண்ணப்படங்களாக இருந்தன. உள்ளே, சிறிய எழுத்தில், குடியிருப்பவர் தம் தேவைகளைத் தாமே கவனித்துக்கொள்ளும் நிலையில் இருக்கும்வரை மட்டுமே தங்கலாம் என்று இருந்தது. மாதப் பராமரிப்புக் கட்டணத்தை நிர்வாகம் விரும்பியபடி உயர்த்தலாம். கணவர் இறந்தபின் மனைவி அங்கே இருக்கலாமா என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஊழியர் சேமநிதியில் சேர்த்த பணத்தை இதற்காகவா கொடுப்பது?

இந்த அச்சம் பிற ஊர்க்காரர்களைவிட நமக்கே நன்றாக விளங்க வேண்டும். தோட்டத்தில் வேலை இருக்கும்வரைதான் நிர்வாகம் தந்த லயத்து வீடு. வேலை முடிந்தால் வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்ற நிலையில் வாழ்ந்த சமுதாயம் நாம். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் நடந்தபோது தெருவுக்கு வந்த குடும்பங்களைக் கண்ட பிறகுதான், இதே சுங்கை சிப்புட்டில் பிறந்து அன்று அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் பணம் கட்டித் தோட்டங்களைத் தங்கள் சங்கத்தின் உடைமையாக்கினார்கள். அவர்களின் பிள்ளைகளாகிய நாம், முதுமையில் மீண்டும் ஒருவருடைய தயவில் இருக்கும் வீட்டைத் தேடிப் போவது சரியாகுமா?

சொந்தமாகவே வாங்கிவிடலாமே என்பார்கள். வாங்கலாம், ஆனால் அதற்குப் பொதுவாக, அயல்நாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டை வேண்டும், அந்த அட்டைக்கு இந்திய வம்சாவளி என்பதற்கான சான்று வேண்டும். பாட்டன் பூட்டனின் தாள் ஒன்றுகூடக் கைவசம் இல்லாத குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! அட்டை கிடைத்தாலும் அடுக்குமாடி வீடு வாங்கலாமே தவிர, விவசாய நிலமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்கச் சட்டம் இடம் தராது. நாலு தென்னையோடு ஒரு துண்டு நிலம் என்று கனவு காண்பவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

மருத்துவத்தையும் பாருங்கள். இங்கே அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளிக்கும், நிபுணரிடம் 5 வெள்ளிக்கும் வைத்தியம் பார்த்துக்கொண்டு வந்தவர்கள் நாம். அங்கே நல்ல மருத்துவமனைகள் உண்டு என்பதில் ஐயமில்லை, ஆனால் செலவு நம்முடையது. காப்பீடு எடுத்தாலும், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் 36 மாதம்வரை காத்திருக்கச் சொல்லலாம் என்பது அந்நாட்டு விதி. எழுபது வயதுக்காரருக்கு மூன்று ஆண்டு சிறிய காலமன்று.

ஆகவே, அங்கே போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முன்பணம் கட்டும் முன் சில மாதம் வாடகைக்கு இருந்து பார்க்கட்டும்; ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டட்டும்; பக்கவாதம் வந்தவரை அங்கே எந்த அறையில், யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நேரில் கேட்கட்டும். எதிரணியில் அடுத்துப் பேச வருபவர், தண்ணீரையும் காற்றையும் புகழ்வதற்கு முன், கணவரை இழந்த பெண்ணை அந்தக் குடியிருப்பு வெளியே அனுப்பாது என்பதற்கு எந்தத் தாளில் உறுதி இருக்கிறது என்று நடுவருக்குக் காட்ட வேண்டும். நன்றி, வணக்கம்.