தூண் அதே தூண்தான்

வணக்கம் நேயர்களே. மோதிய கார்களைப் பார்த்து, சரிசெய்ய இவ்வளவு செலவாகும் என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுப்பது பல ஆண்டுகள் என் பிழைப்பு. அதனால் எங்கே போனாலும் ஒரு கேள்வி என்னைத் தேடி வரும். "அவர் காரும் என் காரும் ஒரே விலை. அவருக்கு மட்டும் பிரீமியம் எப்படிக் குறைந்தது?"

ஓட்டுபவரின் வயது, பழைய கிளெய்ம்கள் எல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். இன்று காரை மட்டும் பார்ப்போம். விலை ஒன்றாக இருக்கலாம். அடிபட்டால் ஆகும் செலவு ஒன்றல்ல. இதைத்தான் இன்று நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

என் கதையையே கேளுங்கள். வீட்டு வாசலில் ஒரு கேட் தூண். என் முதல் காரைப் பின்னால் எடுக்கும்போது அதில் இடித்தேன். நடக்கிற வேகம்தான். இரும்பு பம்பர் சற்று உள்வாங்கியது. டிங்கரிங் செய்பவர் அதைக் கழற்றி, சுத்தியலால் நாலு தட்டு தட்டி, மாட்டிக் கொடுத்துவிட்டார். பல ஆண்டுகள் கழித்து, இப்போதைய காரை அதே தூணில், அதே வேகத்தில், மறுபடி இடித்தேன். ஊரார் வண்டிகளையெல்லாம் குறை சொல்லி எழுதியவனுக்குத் தன் வீட்டுத் தூண் கண்ணில் படவில்லை. நீங்கள் சிரிக்கலாம், என் மனைவி இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

இந்த முறை வெளியே தெரிந்தது ஒரு கீறலும் விரல் நீள விரிசலும்தான். பட்டி பூசிப் பெயிண்ட் அடித்துவிடலாம் என்று நினைத்தேன். பட்டறையில் தலையாட்டி மறுத்துவிட்டார்கள். பம்பர் மூலைக்குப் பின்னால் ஒரு ரேடார் உட்கார்ந்திருக்கிறது. பின்னாலும் பக்கவாட்டிலும் வரும் வண்டியைக் காட்டிக் கொடுப்பது அதுதான். அதன் முன்னால் பட்டியோ தடித்த பெயிண்டோ இருந்தால் அதன் பார்வை கெட்டுவிடும். ஆகவே பம்பர் புதிது. ரேடாரைத் தாங்கும் பிடியும் புதிது. பிறகு ரேடார் சரியான கோணத்தில் பார்க்கிறதா என்று கருவி வைத்து அளக்க வேண்டும். அதற்குத் தனிக் கூலி. தூண் அதே தூண்தான், நேயர்களே. பில்தான் இரண்டு பக்கம் வந்தது.

முன்கண்ணாடியும் இப்படித்தான். அதன் உச்சியில் கேமரா இருந்தால், ஒரு கல் தெறித்துக் கண்ணாடி மாற்றும்போது கேமராவையும் அளந்து சரிசெய்தாக வேண்டும். விபத்தைத் தடுக்கும் கருவி விபத்தின் செலவை ஏற்றுகிறது. தானாகப் பிரேக் பிடிக்கும் வசதியால் முன்னே போகும் வண்டியின் பின்னால் போய் மோதுவது குறைகிறது என்பதும் உண்மை. இரண்டையும் கூட்டிக் கழித்துத்தான் கணக்குப் போடுவார்கள்.

பம்பர் என் பலவீனம். இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1970களில், மணிக்கு 5 மைல் வேக இடியைத் தாங்கும்படி கார் பம்பர் இருக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். 1982இல் அதை 2.5 மைலாகப் பாதியாக்கினார்கள். அந்த மிச்ச இரண்டரை மைலின் செலவை யார் கொடுக்கிறார்கள்? பிரீமியம் கட்டுகிறவர்கள்தான்.

பிரிட்டனில் கார்களை நெடுங்காலமாக 1 முதல் 50 வரை காப்பீட்டுக் குழுக்களாகப் பிரித்து வந்தார்கள். உதிரிபாக விலை, பழுதுபார்க்கும் நேரம், வண்டியின் வேகத்திறன், பூட்டுப் பாதுகாப்பு, ஏன், பம்பர் மற்ற கார்களின் பம்பருக்கு நேராக நிற்கிறதா என்பதுவரை பார்த்தார்கள். கவனியுங்கள், புதுக் காரின் விலை அந்தப் பட்டியலில் ஒன்று, அவ்வளவே. கார் பழசாகி மதிப்பு இறங்கிய அளவுக்குப் பிரீமியம் இறங்கவில்லையே என்று வருந்துகிறவர்களுக்கும் இதுதான் பதில். காருக்குத்தான் வயதாகிறது, கடையில் வாங்கும் ஹெட்லைட் எப்போதும் புதிதுதான்.

திருட்டும் உண்டு. பகட்டான கார்தான் திருடு போகும் என்று நினைக்கிறோம். தெருவுக்குத் தெரு ஓடும் சாதாரண மாடலைப் பிரித்து விற்பது திருடனுக்குச் சுலபம். சரியான சாவி இல்லாமல் என்ஜினைக் கிளம்ப விடாத இம்மொபிலைசர் இருக்கிறதா என்பது இங்கே பெரிய கேள்வி. அமெரிக்காவில் அது இல்லாத சில மாடல்களைத் திருடும் வழி 2022இல் சமூக ஊடகங்களில் பரவியது. அதன்பின் சில நிறுவனங்கள் சில நகரங்களில் அவற்றுக்குப் புதிய பாலிசி தரவே மறுத்தன.

சிவப்புக் காருக்குப் பிரீமியம் அதிகமாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காப்பீட்டு நிறுவனம் வண்டியை அடையாளம் காணப் பார்க்கும், 17 எழுத்தும் எண்ணும் கொண்ட குறியீட்டில் நிறத்துக்கு இடமே கிடையாது. பிடித்த நிறத்தில் வாங்குங்கள்.

எடையைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன். கனமான கார் உள்ளே இருப்பவரைக் காக்கும், எதிரே வருபவரை நொறுக்கும். ஒரு செலவு குறைந்து மற்றொன்று கூடும்.

மின்சாரக் காருக்கென்று நாலு நிமிடம் வைத்திருந்தேன். ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஒரு நிமிடம்தான் என்று ஒரு விரல் காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். பேட்டரி காரின் அடிவயிற்றில் இருக்கிறது. உறையில் ஒரு பள்ளம் விழுந்தால், உள்ளே பத்திரம்தான் என்று சான்று சொல்ல எல்லாப் பட்டறைகளாலும் முடியாது. பேட்டரியை மாற்றுவதென்றால் செலவு காரின் மதிப்பையே நெருங்கிவிடலாம். அப்போது சரிசெய்வது கட்டாது, முழு இழப்பு என்றுதான் எழுத வேண்டியிருக்கும்.

கார் பார்க்கப் போகும்போது இரண்டு மாடல்களுக்கும் பிரீமியம் கேளுங்கள். பின்பக்க பம்பரின் விலையையும் கேட்டுவிடுங்கள். வணக்கம்.