‘கொல்ல நினைக்கவில்லை’ என்றால் கொலைக் குற்றம் ஆகாதா?

வணக்கம். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா குரல்பதிவு அனுப்பியிருக்கிறார். “ஐயா, கோவில் திருவிழாவில் நடந்த சண்டையில் என் மகன் கத்தியால் ஒரே ஒரு குத்துதான் குத்தினான். அதுவும் குடிபோதையில். சாகடிக்கணும்னு அவன் நினைக்கவே இல்லை. அப்புறம் எப்படி 302 போட்டார்கள்? கூடப் போன பையன்களும் மாட்டுவார்களா?” என்று கேட்கிறார். 302 என்பது கொலைக்கான தண்டனைப் பிரிவு.

அம்மா, உங்கள் மகனின் வழக்குத் தாள்களை நான் பார்க்கவில்லை. அதனால் தீர்ப்பு என்ன வரும் என்று சொல்ல மாட்டேன், சட்டம் என்ன கேட்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். உங்களைப் போலவே பல தாய்மார்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

செய்த செயல், செய்த நேரத்தில் இருந்த மனம், இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது இங்கிலாந்தின் பொதுச் சட்டம் நமக்குத் தந்த அடிப்படை. நம் மலேசியத் தண்டனைச் சட்டமோ 1860-இல் இந்தியாவுக்காக இயற்றப்பட்ட சட்டத்தின் வழியில் வந்தது. அந்த ‘மனம்’ எது என்பதை அது இன்னும் நுணுக்கமாகப் பிரித்துக் காட்டுகிறது. கொல்லும் எண்ணம் இருந்தால் கொலை, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த எண்ணம் இல்லாவிட்டாலும், 300ஆம் பிரிவின்படி, அந்தக் காயத்தை ஏற்படுத்தும் எண்ணம் இருந்து, சாதாரணமாகவே உயிரைப் பறிக்கப் போதுமான காயமாக அது இருந்தால், அதுவும் கொலைதான்.

1958-இல் இந்திய உச்ச நீதிமன்றம் விர்சா சிங் வழக்கில் இதைத் தெளிவாக்கியது. அங்கேயும் ஒரே குத்துதான். ஈட்டி வயிற்றில் இறங்கியது, அடுத்த நாள் அந்த மனிதர் இறந்தார். குத்தியவர் அந்த இடத்தில் அந்தக் காயத்தை வேண்டுமென்றே ஏற்படுத்தினாரா என்று மட்டும்தான் நீதிமன்றம் பார்க்கும். அது உயிர் போகும் காயமா என்பதை மருத்துவச் சான்றை வைத்து முடிவு செய்யும். ‘இவ்வளவு ஆபத்து என்று எனக்குத் தெரியாது’ என்பது அங்கே எடுபடாது. நம் நாட்டு நீதிமன்றங்களும் இதைப் பின்பற்றி வந்திருக்கின்றன. ஆனால் கையைக் குறிவைத்து ஓங்கும்போது எதிராளி குனிந்து கழுத்தில் பட்டுவிட்டால், அந்தக் கழுத்துக் காயத்தை அவர் நினைக்கவில்லை என்று வாதாட வழி இருக்கிறது.

சரி, போதை. ‘சம்சு சாராயம் குடித்திருந்தான், மன்னித்துவிடுங்கள்’ என்றால் சட்டம் மன்னிக்காது. ஆனால் நம் 86ஆம் பிரிவு, எண்ணம் உண்டானதா என்று முடிவெடுக்கும்போது போதையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. நிற்கவே முடியாத அளவு குடித்தவனும் இரண்டு கிளாஸ் குடித்தவனும் ஒன்றல்ல.

உங்கள் மகனுக்கு முக்கியமானது திடீர்ச் சண்டை என்ற விதிவிலக்கு. முன்கூட்டித் திட்டமில்லை, சண்டை திடீரென்று மூண்டது, கோபத்தின் சூட்டில் நடந்தது, அவர் எதிராளியின் பலவீனத்தைப் பயன்படுத்தவோ கொடூரமாக நடக்கவோ இல்லை. இவையெல்லாம் இருந்தால் வழக்கு 302-இலிருந்து, கொலை என்ற அளவுக்குப் போகாத மரணக் குற்றத்துக்கான 304-க்கு இறங்கும். இங்கேதான் நம் தோட்டத்து வாழ்க்கையை நீதிமன்றத்துக்குப் புரியவைக்க வேண்டும். செம்பனைக் குலை வெட்டிவிட்டு நேராக வந்தவனின் மோட்டார் கூடையில் அரிவாள் கிடப்பது அன்றாடம். அதை வைத்து மட்டும் ‘திட்டமிட்டு வந்தான்’ என்று சொல்ல முடியாது. அதே ஆள் சண்டையை விட்டு லயத்து வீட்டுக்குப் போய்ப் பாராங் கத்தியோடு திரும்பி வந்தால் கதை வேறு. நடந்து போன அந்த ஐந்து நிமிடத்தில் கோபம் தணிந்திருக்க வேண்டும் என்று அரசுத் தரப்பு வாதிடும். கத்தி எங்கிருந்து வந்தது என்பதை நான் எப்போதும் முதலில் கேட்பது இதனால்தான்.

தண்டனையில் உள்ள வித்தியாசம் ரொம்பப் பெரியது. 2023 ஜூலை 4 முதல் 302-க்குக் கட்டாய மரண தண்டனை இல்லை. மரணம், அல்லது 30 முதல் 40 ஆண்டு சிறையோடு 12-க்குக் குறையாத பிரம்படி. 304-இல் எண்ணத்தைப் பொறுத்து அதிகபட்சம் 30 ஆண்டு, அல்லது 10 ஆண்டு.

கூடப் போன பையன்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒரே நோக்கத்தோடு சேர்ந்து செய்திருந்தால் 34ஆம் பிரிவு எல்லாரையும் பிடிக்கும். வெறுமனே அங்கே நின்றிருந்தது மட்டும் போதாது.

இன்னொன்று, அம்மா. திடீர்ச் சண்டை என்று சொன்னால், அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் மகன் பக்கம் வருகிறது. சாட்சி இல்லாமல் அது கஷ்டம். காசு இல்லையே என்று கலங்காதீர்கள். மரண தண்டனைக்குரிய வழக்கில் உயர் நீதிமன்றமே வழக்கறிஞரை நியமிக்கும். அவரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள்: முதல் அடி யார் அடித்தது, கத்தி யார் கையில் எப்படி வந்தது, சாயங்காலம் முதல் மகன் என்ன குடித்தார், யார் பார்த்தார்கள். பார்த்தவர்கள் போலீசுக்குப் பயந்து ஒதுங்கியிருந்தால், அவர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் இப்போதே எழுதிக் கொடுங்கள். வழக்கு விசாரணைக்கு வரும்போது அவர்கள் தோட்டம் மாறிப் போயிருக்கலாம்.