தண்ணீர்க் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த நிகழ்ச்சிக்கு என்னை அழைத்தவர் போனில், "செல்லப்பிராணி வளர்ப்பைப் பற்றி ஏதாவது சொல்லுங்களேன்" என்றார். வளர்ப்பைப் பற்றிச் சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது அதன் கடைசிப் பகுதிதான். நோய் வந்த ஒரு நாயோடு ஏழு மாதம் இருந்தது, அப்புறம் அது இல்லாமல் இருந்து பழகியது. அதைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்லை. பிறகு, "சரி, சொல்லுங்கம்மா" என்றார்.

எங்கள் நாயின் பெயர் பொட்டு. உடம்பு முழுக்கச் செம்பழுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளையாக ஒரு புள்ளி. பெட்டை நாய், 14 கிலோ எடை. நோய் தெரியவந்தபோது 11 வயது.

முதலில் எங்களுக்குத் தெரிந்தது ஒரு சத்தம்தான். நடு ராத்திரியில் சளக் சளக் என்று தண்ணீர் குடிக்கிற சத்தம். நாய் என்றால் தண்ணீர் குடிக்காதா என்று புரண்டு படுத்துவிட்டேன். அடுத்த வாரம் ஒரே ராத்திரியில் அந்தச் சத்தம் மூன்று முறை கேட்டது. காலையில் கிண்ணம் காலி, கதவோரம் ஈரம். இத்தனை வருடத்தில் வீட்டுக்குள் ஒரு நாள்கூட அசுத்தம் செய்யாத நாய், என் முகத்தைப் பார்க்காமல் மூலையில் போய் நின்றது. நான் திட்டினேன். இன்றைக்கு நினைத்தாலும் என்மீதே கோபம் வருகிறது.

முதலில் போன இடத்தில், "வயசாகுதில்ல, அப்படித்தான் இருக்கும்" என்று ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு மாதம் அதிலேயே போனது. என் கணவர்தான் ஒரு நாள் அளவுக் குவளையைக் கையில் எடுத்தார். கணக்கு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் அளந்தால்தான் நம்புவார். காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலையில் மிச்சத்தை அளந்து கழித்தார். 24 மணி நேரத்தில் 1,900 மில்லி.

ஒரு நாய்க்குச் சாதாரணமாக ஒரு நாளைக்கு, கிலோவுக்கு 50, 60 மில்லி தண்ணீர் போதும். 100-ஐத் தாண்டினால் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். பொட்டுவின் எடைக்கு 1,400-ஐத் தொட்டபோதே நாங்கள் பயந்திருக்க வேண்டும். உங்கள் வீட்டில் வயதான நாய் இருந்தால், அது நன்றாக ஓடியாடும்போதே ஒரு நாள் அளந்து எழுதி வையுங்கள். கூடுகிறதா என்று பிறகு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு வேண்டுமே.

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் ரத்தமும் சிறுநீரும் சோதித்துவிட்டு, சிறுநீரகம் போய்க்கொண்டிருக்கிறது என்றார். சிறுநீரகம் கெட்டால் சிறுநீர் குறையும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இந்த நோயில் முதலில் நடப்பது நேர்மாறு. சிறுநீரைச் சுண்டவைத்து வெளியேற்றும் வேலையைச் சிறுநீரகம் இழந்துவிடுகிறது. வெறும் தண்ணீராகப் போய்க்கொண்டே இருக்கும். போவதை ஈடுகட்ட நாய் குடித்துக்கொண்டே இருக்கும். அந்த அறிகுறி நம் கண்ணில் படும்போதே வேலை செய்யும் பகுதியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு போயிருக்கும். கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு. ரத்தத்தில் அது ஏறுவதற்குள் முக்கால் பங்கு போயிருக்கும். பொட்டுவுக்கு 4.2 இருந்தது. நோயின் நான்கு நிலைகளில் மூன்றாவது. போனது திரும்பி வராது, இருப்பதைக் கொஞ்ச நாள் காப்பாற்றலாம் என்றார் மருத்துவர். அவர் மழுப்பாமல் பேசியது அன்றைக்குக் கடுமையாக இருந்தது. பிறகு அதுவே உதவியது.

அன்றைக்கு ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துத் தண்ணீர்க் கணக்கு எழுத ஆரம்பித்தோம். எவ்வளவு குடித்தது, எவ்வளவு சாப்பிட்டது, எத்தனை முறை வாந்தி, எடை எவ்வளவு. பகலில் நான், ராத்திரியில் அவர். பாஸ்பரஸ் குறைந்த உணவு, குமட்டலுக்கு மாத்திரை, அப்புறம் தோலுக்கடியில் சலைன்.

இந்தச் சலைன் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைக் கேட்டதும் எனக்குக் கை நடுங்கியது. மனிதர்களுக்குப் போல நரம்பைத் தேட வேண்டியதில்லை. தோள்பட்டைக்கு மேல் இருக்கும் தளர்ந்த தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்து, அந்தக் கூடாரத்துக்குள் ஊசியைச் செலுத்த வேண்டும். மருத்துவர் மூன்று நாள் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார். பையை ஜன்னல் கம்பியில் மாட்டுவோம். முன்னதாக வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு வைத்தால் உள்ளே இறங்கும்போது சில்லென்று உறைக்காது. 150 மில்லி இறங்கி முடிக்கும்போது தோளில் ஒட்டகத் திமில் மாதிரி ஒரு வீக்கம் நிற்கும். கொஞ்ச நேரத்தில் அது சரிந்து முன்னங்கால் பக்கம் தொங்கும். முதல் நாள் அதைப் பார்த்து அழுதேவிட்டேன். மறுநாள் காலையில் வற்றிப்போயிருந்தது. மருத்துவர் அளவு சொல்லி, கற்றும் கொடுத்த பிறகுதான் இதையெல்லாம் வீட்டில் செய்ய வேண்டும். இதயக் கோளாறு உள்ள நாய்க்கு இதே தண்ணீர் எமனாகிவிடும்.

ஊசி முடிந்ததும் பொட்டு உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி என் கணவரின் செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொள்வாள்.

நான் தப்பாகப் படித்த ஒரு விஷயம் உண்டு. தட்டை வைத்ததும் அவள் உதட்டை நக்குவாள். பசி வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு இன்னும் கொஞ்சம் கிட்டே தள்ளுவேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆசைதான், ஆனால் சாப்பிட முடியவில்லை போல என்று இரண்டு வாரம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். பசி இல்லை, அது குமட்டல். உதட்டை நக்குவதும் எச்சிலை விழுங்குவதும் வாந்தி வருகிறது என்று நாய் சொல்கிற விதம். வேலை செய்யாமலே மூச்சு வாங்குவது, படுத்த இடத்திலிருந்து எழுந்து எழுந்து இடம் மாற்றுவது, முதுகைக் கூனி நிற்பது, இவையெல்லாம் வலியாக இருக்கலாம். நாய் வலிக்கிறது என்று கத்தும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் கத்தாது.

இன்னொன்று. வலிக்கு நாம் போட்டுக்கொள்ளும் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுங்கள் என்று தெரிந்த ஒருவர் அன்போடு சொன்னார். இபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால் ஈரலைக் கெடுக்கும். நல்ல சிறுநீரகத்துக்கே அந்தக் கதி என்றால் பொட்டுவுக்கு என்ன ஆகியிருக்கும்!

"ஒரு நாய்க்கா இவ்வளவு?" என்றும் கேட்டார்கள். பதில் தெரியாமல்தான் இருந்தேன். அப்புறம் ஒரு நாய்க்குட்டியைப் பற்றிப் படித்தேன். ஜெர்மனியில் பான் நகரத்துக்குப் பக்கத்தில் ஓபர்காசல் என்ற இடத்தில், 1914-ல் ஒரு கல்குவாரியில் ஒரு ஆண், ஒரு பெண், அவர்களோடு புதைத்த ஒரு நாய்க்குட்டி, மூவரின் எலும்புகளும் கிடைத்தன. சுமார் 14,000 வருடம் பழையவை. 2018-ல் வெளியான ஓர் ஆய்வு அந்தக் குட்டியின் பற்களைப் பார்த்து, அதற்கு டிஸ்டெம்பர் என்கிற, நாய்களைத் தாக்கும் கடுமையான வைரஸ் காய்ச்சல் வந்திருக்க வேண்டும் என்று சொல்கிறது. 19 வார வயதில் நோய் தொடங்கி, மூன்று முறை தாக்கியும் அது பிழைத்து, கிட்டத்தட்ட 28 வாரம் வரை இருந்திருக்கிறது. யாரோ வெதுவெதுப்பாக வைத்து, வாந்தியையும் கழிவையும் துடைத்து, தண்ணீர் புகட்டியிருக்காவிட்டால் அத்தனை வாரம் இருந்திருக்காது என்கிறார்கள். அந்த நோயோடு அது வேட்டைக்கும் உதவியிருக்காது, காவலுக்கும் உதவியிருக்காது. என்னைக் கேட்டவர்களிடம் இதை நான் சொல்லவில்லை. எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாவது மாதம் கிரியாட்டினின் 6-ஐத் தாண்டியது. வாயில் அமோனியா வாடை, ஈறில் புண். மருத்துவர் ஒரு தாளைக் கொடுத்தார். ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் 2004-ல் வகுத்த அளவுகோல் அது. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண். மொத்தம் 70. 35-க்கு மேல் வந்தால் பராமரிப்பைத் தொடரலாம்.

நான் பல வருடம் தமிழாசிரியையாக இருந்தவள். மதிப்பெண் போடுவது கைவந்த கலை. சொந்தப் பிள்ளைக்குப் போடும்போது கை எப்படி வளையும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வாலைக் கொஞ்சம் அசைத்தாலே மகிழ்ச்சிக்கு 8. நான் போட்டது 41. என் கணவரிடம் தனியாக ஒரு தாளைக் கொடுத்திருந்தார்கள். அவர் போட்டது 24.

"என்னங்க இது, கொஞ்சமும் மனசில்லாமல் போட்டிருக்கீங்க?" என்றேன்.

"இங்க பாரு, ராத்திரி மூணு மணிக்கு நீ அவளைப் பார்த்ததில்லை" என்றார்.

சண்டை போட்டேன். நோட்டை எடுத்துப் புரட்டியபோது என் கையெழுத்திலேயே இருந்தது. பத்து நாளில் ஏழு நாள் சாப்பிடவில்லை. பதினோரு முறை வாந்தி. எடை 10.6 கிலோ. எழுதியவளே நான்தான், ஆனால் அதுவரை சேர்த்துப் படித்ததில்லை. இப்படி ஒரு தாள் உங்கள் கைக்கு வந்தால் வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகப் போடுங்கள். ஒருவர் மட்டும் போட்ட மதிப்பெண்ணை நான் நம்பமாட்டேன்.

அப்படியும், வலியில்லாமல் முடித்துவைக்கும் ஊசிக்குச் சம்மதிக்காமல் இன்னும் ஒரு வாரம் கடத்தினேன். ஒரு காலை நன்றாக இருப்பாள், பார்த்தீர்களா என்பேன். அந்த வாரம் அவளுக்காக இல்லை, எனக்காக. முன்கூட்டி முடிவெடுத்துவிட்டோமோ என்று வருந்துகிறவர்களைச் சந்தித்திருக்கிறேன். என் வருத்தம் அந்த ஏழு நாள்தான்.

மருத்துவர் வீட்டுக்கே வந்தார். அடுத்து நடந்ததை யாரும் எனக்கு முன்னாடி சொல்லவில்லை, அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். கேட்க முடியாதவர்கள் ஒரு நிமிடம் ஒலியைக் குறைத்துக்கொள்ளலாம். முதலில் ஒரு மயக்க ஊசி. பத்து நிமிடத்தில் அவள் தலை என் உள்ளங்கையில் கனத்தது. முன்னங்காலில் கொஞ்சம் முடியை மழித்து, நரம்பில் இரண்டாவது ஊசி. பென்டோபார்பிட்டால் என்கிற மயக்க மருந்தையே அளவுக்கு மீறிக் கொடுப்பார்கள். முதலில் நினைவு போகும், பிறகு மூச்சு, பிறகு இதயம். ஒன்றிரண்டு நிமிடத்துக்குமேல் ஆகவில்லை. கண்கள் மூடவில்லை. மூடும் என்று நான் நினைத்திருந்தேன், நாய்க்குப் பெரும்பாலும் மூடாது. சிறுநீர் வெளியேறியது, அதற்குத்தான் கீழே துணி விரிக்கச் சொல்லியிருந்தார். எல்லாம் முடிந்தபின் நெஞ்சு ஒரு முறை பெரிதாக ஏறி இறங்கியது. "டாக்டர், உயிர் இருக்கு!" என்று கத்திவிட்டேன். அவர் மறுபடியும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, "இல்லம்மா, அது தசை பண்றது. அவ போயிட்டா" என்றார்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் "தூங்க வைத்துவிட்டோம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அன்றைக்கு ராத்திரி அவர்கள் தூங்கப் பயப்படுவார்கள். இறந்துவிட்டது என்றே சொல்லலாம்.

அப்புறம் வந்த நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல என்னால் முடியாது. கென்னத் டோக்கா என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1989-ல் இந்த மாதிரித் துக்கத்துக்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் ஊர் ஒப்புக்கொள்ளாத துக்கம் என்று சொல்லலாம். யாரும் விசாரிக்க வரமாட்டார்கள், வேலைக்கு விடுப்புக் கேட்க வாய் வராது, "இன்னொண்ணு வாங்கிக்கோயேன்" என்பார்கள். எனக்கு மூன்று வாரம் ராத்திரியில் சளக் சளக் என்று கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தால் கிண்ணம் காய்ந்து கிடக்கும். ஒரு நாள் எழுந்தபோது அவரும் அங்கே நின்றுகொண்டிருந்தார். மிச்சமிருந்த சலைன் பைகளை மறுநாள் மருத்துவரிடம் கொடுத்துவிட்டோம், வேறு யாருக்காவது ஆகும் என்று.

போன மாதம்தான் அந்த நோட்டைத் திறக்க மனம் வந்தது. ஆசிரியை புத்தி, முதலில் பிழைதான் கண்ணில் பட்டது. முதல் பக்கங்களில் நான் இலக்கணப்படி எழுதியிருக்கிறேன். குடித்தது, சாப்பிட்டது, படுத்தது. அஃறிணை. முப்பதாவது பக்கம் வாக்கில் குடித்தாள், சாப்பிட்டாள் என்று மாறியிருக்கிறது. எந்த நாள் மாறியது என்று எனக்கே தெரியவில்லை. வகுப்பில் திணை வழுவமைதி நடத்தும்போது, பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்று சொல்லும் உதாரணத்தைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். மகிழ்ச்சியினால் வந்தது, அதனால் பிழையாகாது என்று விளக்கம் வேறு.

என் கணவரின் ராத்திரிப் பக்கங்களில் எண்கள்தான் இருக்கும். நேரம், மில்லி, வாந்தி. ஒரு வார்த்தை கூடுதலாக இருக்காது. கடைசி ராத்திரியின் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறார்: "3.10. தண்ணீர் 40. விளக்கைப் போட்டதும் வாலை ஆட்டினாள்."

வணக்கம்.