கல் சொல்லிவிடுகிறது, ரத்தம் மழுப்புகிறது

அனைவருக்கும் வணக்கம். அகச்சிவப்பு ஒளியால் நோயைக் கண்டுபிடிப்பது ஏதோ வருங்காலத்துச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். ஆபரேஷன் தியேட்டரில், மயக்கத்தில் இருப்பவர் விடும் மூச்சில் கார்பன் டைஆக்சைடு எவ்வளவு என்று அந்த ஒளியை வைத்துத்தான் அளக்கிறார்கள். 4.26 மைக்ரான் அலைநீள ஒளியை அந்த வாயு விழுங்கும்; எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் போதும்.

சிறுநீரகக் கல்லுக்கும் இதே ஒளிதான். கல்லைக் கழுவி, உலர்த்தி, பொடியாக்கி, சிட்டிகைக்கும் குறைவாக எடுத்துக் கருவியின் வைரப் பரப்பில் வைத்து அழுத்துகிறார்கள். கொஞ்ச நேரத்தில் திரையில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு வரும்; எந்த அலைநீள ஒளியை எவ்வளவு விழுங்கியது என்று காட்டும் இதைத்தான் நிறமாலை என்கிறார்கள். கால்சியம் ஆக்சலேட்டின் கோடு ஒரு மாதிரி, யூரிக் அமிலத்தின் கோடு வேறு மாதிரி. தெரிந்து என்ன லாபம் என்கிறீர்களா? யூரிக் அமிலக் கல்லாக இருந்தால், சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் மருந்து கொடுத்தே பெரும்பாலும் கரைத்துவிடலாம். ஆக்சலேட் கல் அதற்கெல்லாம் மசியாது.

சரி, ரத்தத்துக்கு வருவோம். அதன் கோட்டைப் பார்த்துப் புற்றுநோய் இருக்கிறதா என்று சொல்ல முயல்கிறார்கள். சிக்கலே இங்கேதான். நிறமாலையில் புரதத்தின் முக்கியமான பட்டை, அதாவது அது ஒளியை விழுங்கும் இடம், 1650 என்ற அலையெண் (ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை அலைகள் என்ற கணக்கு) அருகே வரும். தண்ணீரின் பட்டையும் 1640 பக்கம் வந்து அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதனால் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த திரவம்) ஒரு சொட்டு விட்டு உலர்த்துகிறார்கள். உலரும்போது புரதம் ஓரத்துக்கு ஒதுங்கி வளையமாகிவிடும். நடுவில் அளந்தால் ஒன்று, ஓரத்தில் அளந்தால் இன்னொன்று!

இதைவிடப் பெரிய வம்பு, ரத்தம் எங்கிருந்து வந்தது என்பது. நோயாளிகளின் ரத்தம் மருத்துவமனையிலிருந்து, நலமானவர்களின் ரத்தம் ரத்த வங்கியிலிருந்து என்றால், ரத்தம் பிடித்த குழாய் வேறு, உறையவைத்த நாட்களும் வேறு. இரு தரப்பின் கோடுகளையும் ஒப்பிடும் கணினி ஒரு வித்தியாசத்தைப் பிடித்துவிடும். அது புற்றுநோயா, குழாயா? 95 சதவீதம் சரி என்று எந்த ஆய்வாவது சொன்னால், நான் முதலில் தேடுவது அந்தக் குழாய்களைப் பற்றிய பத்தியைத்தான்.

ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் மூளைக் கட்டிக்கான இப்படியொரு ரத்தப் பரிசோதனையைப் புதிதாக வந்த 104 பேரிடம் செய்து, முடிவை 2019இல் வெளியிட்டார்கள். கட்டி உள்ளவர்களில் சுமார் 83 சதவீதம், இல்லாதவர்களில் 87 சதவீதம் சரியாக வந்தது. தலைவலியோடு வரும் 1000 பேரில் 10 பேருக்குக் கட்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்தக் கணக்குப்படி 8 பேர் பிடிபடுவார்கள். கட்டியே இல்லாத கிட்டத்தட்ட 130 பேருக்கும் ‘இருக்கலாம்’ என்று வரும். ஸ்கேனுக்கு யாரை முதலில் அனுப்புவது என்று முடிவுசெய்ய இது உதவும். மற்றவர்களை ‘ஒன்றுமில்லை’ என்று வீட்டுக்கு அனுப்ப உதவாது. தப்பிப்போன அந்த 2 பேர் அவர்களுக்குள்தான் இருக்கிறார்கள்.